நரைத்த நாயகர்களின் மறுவருகை



தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் கண்ட செய்தியைப் புறநானூறு கூறுகிறது. அங்கே வேல்கள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலி சூடி, கட்டுக்காவலுக்குள் மின்னிக்கொண்டிருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடந்தன. ஔவையார் இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினார். புகழ்வது போலப் பழித்தார், பழிப்பது போலப் புகழ்ந்தார். ஒரு கருவியின் பெருமை அதன் பளபளப்பில் உள்ளதா, தேய்மானத்தில் உள்ளதா என்னும் வினா அப்பாட்டினுள் இருக்கிறது. அவ்வினாவைத் திரையரங்கிற்கு எடுத்துச் செல்வதே இவ்வுரையின் நோக்கம். இளமையில் ஏற்றுப் புகழ்பெற்ற வீரவேடத்தை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஏற்கும் நடிகரின் கையில் இருப்பது எந்த வேல்?

தமிழ்த் திரையுலகில் நெடுங்காலம் இவ்வினா எழவே இல்லை. எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்தவர். 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978இல் வெளிவந்தபோது அறுபது வயதை எட்டியிருந்தார். திரையிலோ பாண்டிய இளவரசராக வாள் சுழற்றினார். படத்திற்குப் படம் பெயர் மாறிற்று, நாயகன் மாறவில்லை. எல்லாப் படங்களும் ஒரே வீரனின் தொடர்ச்சியாக இருக்கும்போது இரண்டாம் பாகம் எதற்கு? முதுமையை ஒப்புக்கொண்ட நடிப்புக்கு 1985இல் வந்த 'முதல் மரியாதை' சான்றாயிற்று. ஐம்பத்தாறு வயதில் சிவாஜி கணேசன் அதில் தம் வயதுக்குரிய மனிதராகவே நின்றார். எனினும் அது புதிய வேடம். பழைய வேடத்துக்குத் திரும்பிய கதையன்று.

அவ்வாறு திரும்பியவர் கமல்ஹாசன், அதுவும் இருமுறை. ஆய்வுக்கு இதைவிடச் சிறந்த ஒப்பீடு கிடைப்பதரிது. நடிகர் ஒருவரே, வேடங்கள் இரண்டு, விளைவுகளும் இரண்டு.

முதலாவது 'விக்ரம்'. 1986இல் களவுபோன ஏவுகணையைத் தேடிச் செல்லும் துடுக்கான உளவாளி அவர். அக்கதையை எழுதியவர் சுஜாதா. அப்போது கமலுக்கு வயது முப்பத்தொன்று. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022இல், லோகேஷ் கனகராஜ் அதே உளவாளியை மீண்டும் அழைத்துவந்தார். நேரான தொடர்ச்சி என அதனைச் சொல்ல இயலாது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகள் அந்த மனிதர்மீது என்ன செய்தன என்பதே படத்தின் பொருள். மகனைப் பறிகொடுத்துவிட்டார். குடியில் சிதைந்த முதியவர் என்று ஊர் அவரை நம்புகிறது. கையில் ஒரு பேரக்குழந்தை. அதன் இதயம் பேரோசையைத் தாங்காது. துப்பாக்கியையே வாழ்வாகக் கொண்டவர், ஓசையே பகையாகிவிட்ட குழந்தையைக் காக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண் இளமையில் எழ வழியில்லை. முதுமையே இதனைத் தந்தது. நரைத்த தாடியும் தளர்ந்த முகமும் அங்கே குறைகள் அல்ல, கதையின் சான்றுகள். நுனி முறிந்த வேல் அது.

இரண்டாவது 'இந்தியன்'. 1996இல் சேனாபதியாக நடித்தபோது கமலுக்கு நாற்பத்தொரு வயது. எழுபது வயதைக் கடந்த முதியவரின் முகத்தை அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வடித்துத் தந்தார். இளைஞர் ஒருவர் முதுமையைக் கடன்வாங்கினார். அந்நடிப்பு தேசிய விருதும் பெற்றது. ஆனால் படத்தின் வலிமை ஒப்பனையில் மட்டும் இல்லை. தீயில் கருகிய மகளின் உயிரைக் காக்கக் கையூட்டுத் தர மறுத்து, அவளை இழந்த தகப்பனின் துயரம் அதன் வேர். கையூட்டு வாங்கிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமான சொந்த மகனையே கொல்லும் கொடிய அறம் அதன் உச்சி.

சாத்தூரில் இருந்துகொண்டு அந்த மகளின் காட்சியை வெறும் காட்சியாகப் பார்க்க எவராலும் இயலாது. 2021 பிப்ரவரியில் அருகிலுள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்காயப் பிரிவின் வாயிலில் காத்திருப்பது எத்தகையது என்பதைத் திரைப்படம் சொல்லித்தான் இப்பகுதி மக்கள் அறிய வேண்டும் என்பதில்லை. சேனாபதியின் சினத்தை இவ்வூர் நம்பியதற்கு அதுவே காரணம் எனலாம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024இல், 'இந்தியன் 2' வந்தது. இப்போது நடிகருக்கே அறுபத்தொன்பது வயது. முதற்படத்தில் கடன்வாங்கிய முதுமை இப்போது சொந்தமாகவே கைக்கு வந்துவிட்டது. படமோ அதனைப் பயன்கொள்ளவில்லை. நேதாஜியின் படையில் இருந்த சேனாபதி நூறு வயதை ஒட்டியவராக இருத்தல் வேண்டும் என்னும் கணக்கு குறுக்கே வந்தது. நடிகரின் உண்மை முதுமைமீது இன்னும் பெரிய பொய் முதுமை பூசப்பட்டது. அந்த நூற்றாண்டு உடலோ இளைஞரையும் விஞ்சிச் சண்டையிட்டது. முகத்தில் முதுமை, தோளில் இளமை. இரண்டும் ஒருவருடையனவாகத் தோன்றவில்லை. அடக்கமாகச் சொல்வதாயின், அது நெய் பூசிய வேல்.

நல்ல வித்து அப்படத்திலும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. சேனாபதியின் சொல்கேட்டுத் தம் வீட்டாரின் ஊழலையே வெளிப்படுத்திய இளைஞர், அதனால் குடும்பத்தில் சாவைக் காண்கிறார். வரவேற்றவர்களே கிழவரைத் திரும்பிப்போ என்கின்றனர். தம் அறம் பிறர் வீட்டில் என்ன விலை கேட்கிறது என்று முதியவர் திகைத்து நிற்கத்தக்க இடம் அது. கதை அங்கே நிற்காமல் துரத்தலுக்கு ஓடிவிட்டது.

பிற நாட்டுச் சான்று ஒன்றும் நோக்கத்தக்கது. 'விக்ரம்' வந்த அதே 1986இல் அமெரிக்காவில் 'டாப் கன்' வந்தது. அதே 2022இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. முதற்படத்தில் டாம் குரூசுக்குப் போட்டியாளராக நடித்த வால் கில்மர், இடைக்காலத்தில் தொண்டைப் புற்றுநோயால் குரலிழந்தார். படம் அந்நோயைக் கதைமாந்தருக்கும் தந்தது; நண்பருடன் எழுத்தைத் தட்டித்தட்டி உரையாடினார். படத்தின் போர் விமானங்கள் எழுப்பாத உணர்வை அந்த மௌனம் எழுப்பிற்று. மாறாக, 'இந்தியன்' படத்தில் புலனாய்வு அதிகாரியாக வந்த நெடுமுடி வேணு, இரண்டாம் பாகம் முடியுமுன் 2021இல் மறைந்தார். எஞ்சிய காட்சிகளைக் கணிப்பொறி நுட்பம் நிறைவு செய்தது. எடுத்த படத்தை முடிக்க வேண்டிய இக்கட்டு புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் ஒரு படம் இழப்பை ஏற்றுக் கலையாக்கியது; மற்றது இழப்பே நிகழாதது போல நடந்துகொண்டது.

பழியை நடிகர்மீதும் இயக்குநர்மீதும் மட்டும் சுமத்துதல் முறையன்று. 1996இல் இருபது வயதில் முதற்காட்சிக்கு முண்டியடித்தவருக்கு இன்று ஐம்பது வயது நெருங்குகிறது. அவர் இருளில் அமர்ந்து தேடுவது சேனாபதியை அன்று; தம் இருபது வயதை. நாயகர் மூப்படையவில்லையெனில் தாமும் மூப்படையவில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புறநானூற்றுப் புலவர் இவ்வேக்கத்தை முன்னரே பாடிவிட்டார். மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்காட்டிய இளமையை, கோலூன்றி இருமிக்கொண்டே நினைக்கிறார் அக்கிழவர். ஆனால் அவர் மீண்டும் மடுவில் குதிக்கவில்லை. இருமலோடு சேர்த்தே நினைவைச் சொல்கிறார். அந்த இருமலினால் அன்றோ பாட்டு வாழ்கிறது!

பத்தாண்டு நிறையும் இலக்கிய வட்டத்திற்கு இதில் ஒரு செய்தி உண்டு. கவிஞர்க்கும் புகழ்பெற்ற வேடங்கள் உண்டு. முதல் தொகுப்பில் கைதட்டல் பெற்ற சினத்தை, காதலை, கரிசல் வெயிலை இருபதாண்டு கழித்தும் அதே குரலில் ஒலிப்போர் உளர். பழைய பொருளுக்குத் திரும்புதல் பிழையன்று; இடையில் நேர்ந்தவற்றை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுத் திரும்புதலே பிழை. வெடிக்காத வெடிக்கு மறுபடி திரி கிள்ளலாகாது என்று இப்பகுதியில் குழந்தைகளுக்கும் சொல்லிவைப்பர். வெடித்துத் தீர்ந்ததற்கு மறுபடி திரி வைப்பதில் ஆபத்தில்லை, பயனும் இல்லை.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர். புது நிப்பு பளபளக்கும், தாளைக் கீறும். நாள்பட எழுதியவரின் கைச்சாய்வுக்குத் தேய்ந்த நிப்புதான் வழுக்கிக்கொண்டு எழுதும். அதனைப் பிறருக்கு இரவல் தரவும் மனம் வராது. நரைத்த நாயகரிடம் நல்ல சுவைஞர் கேட்க வேண்டுவதும், கவிஞர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டுவதும் அந்தத் தேய்மானத்தைத்தான்.