கம்பியின் வேகமும் தமிழெழுத்தும்

 

இணையம் மெதுவாக வருகிறது என்று குறை கூறாத இல்லம் நம் குடியிருப்பில் இருப்பதாகத் தெரியவில்லை. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. பின்னர் வந்த தொலைபேசி மோடங்களின் உச்ச வேகமும் நொடிக்கு 56 கிலோபிட்டே. நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்து சேரப் பதினான்கு நொடியாவது ஆகும். 2004-இல் 256 கிலோபிட்டையே அகன்ற அலைவரிசை என்று அரசு வகுத்தது. 2023 முதல் அவ்வரம்பு 2 மெகாபிட். வேகம் வளர்ந்தது, ஐயமில்லை.

ஆனால், தாமதமாக வரும் மடலுக்குக் காத்திருக்கலாம். வந்த மடலைப் படிக்க இயலாமற் போனால் என் செய்வது?

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அந்நாளில் எழுத்துக்கு இருந்த 256 இடங்களில் முற்பாதி ஆங்கிலத்துக்குப் போயிற்று. பிற்பாதியில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழைத் தன் விருப்பப்படி அடுக்கிக்கொண்டது. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில், திரையில் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளே தோன்றும். எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் வழியும் வந்தது. நெட்ஸ்கேப் உலாவி ஒருவகைக் கோப்பைக் கேட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொன்றைக் கேட்டது. சமைத்தவர் ஒருவர், பந்தி இரண்டு! ஒரு பந்திக்கே இலை போட்டவர்களும் உண்டு.

1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, டாம், டாப் குறியீடுகளுக்கு வழி வகுத்தது. அயலகத் தமிழர் பலர் டிஸ்கியைக் கைக்கொண்டிருந்தனர். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி வந்தும் பழைய இயக்குதளங்களில் 'கொக்கு' என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நின்றதை நம்மிற் பலர் கண்டிருப்போம். குறை எழுத்தை அடுக்கத் தெரியாத கணிப்பொறியிடம் இருந்தது. ஏச்சு முழுதும் கம்பிக்கு. ஒரு பக்கம் திறக்காவிடில் அதனை வேறோர் உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கம்பி குற்றமற்றது.

என் கவலை வேறு. ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பிய மின்மடல்கள், குழந்தைகள் தட்டச்சிட்ட கட்டுரைகள், சங்கத்தின் பழைய மலர்கள் ஆகியவை பல வீடுகளில் பழைய எழுத்துருவிலேயே உறங்குகின்றன. இன்றைய உலாவியில், எத்துணை விரைந்த இணைப்பிலும், அவை வெறும் குறிக்கோலமே. எனினும் அவை அழிந்தில. எண்கள் அப்படியே உள்ளன. எந்தக் குறியீடு என்று தெரிந்தால் மாற்றி நிரல்கள் சில நொடியில் ஒருங்குறியாக்கித் தரும். தெரியாவிடில் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க வேண்டும், அது பெரும்பாடு. அன்று தட்டச்சிட்ட கைகளுக்குரியோர் இன்று நம்மிடையே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் கேட்க இதுவே தருணம்.

ஆதலின், வீட்டிலுள்ள பழைய வட்டுகளை எடுத்து வாருங்கள். உறையின் மேல் ஆண்டையும் எழுத்துருவின் பெயரையும் குறித்துத் தாருங்கள். நம் இளைஞர் மாற்றித் தருவர்.