கொழும்பில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவில்?

(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம் பற்றிப் பேசுவோம் என்றுதான் வந்திருப்பீர்கள். அதைப் பேச வேறு தோழர் இருக்கிறார். நாங்கள் இன்று கொழும்பைப் பற்றிப் பேச நினைத்தோம். தோட்டச் சங்கத்துக்குக் கொழும்பில் என்ன வேலை என்று கேட்பவர்கள், தீபாவளிக்கு முதல் நாள் இரவு புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸுக்கும் பதுளை பஸ்ஸுக்கும் நிற்கிற கூட்டத்தைப் போய்ப் பார்க்கட்டும். கடைப் பையன்கள், ஹோட்டல் சமையலாட்கள், துணிக்கடைப் பெண்பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்கள். பாதி முகம் நமக்குத் தெரிந்த முகம்தான்.

இந்தத் தொடர்பு பழையது. 1885இல் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்த பிறகு, காலியின் இடத்தைக் கொழும்புத் துறைமுகம் பிடித்துக்கொண்டது. எங்கள் பாட்டிமார் பறித்த கொழுந்து, தேயிலைப் பெட்டியாகி அங்கேதான் போய் இறங்கியது. துறைமுகத்தில் பாரம் தூக்கியவர்களிலும், மாநகர சபைக்குத் தெரு கூட்டியவர்களிலும் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் ஏராளம். 1920களில் கொழும்புத் தொழிலாளரை வேலைநிறுத்தத்தில் நடத்திய ஏ. ஈ. குணசிங்க, 1930களில் வேலை குறைந்த காலத்தில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். வயிறு காய்கிற நேரத்தில் பக்கத்து ஆளை எதிரியாகக் காட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நகரம் இப்போது எப்படி இருக்கிறது? 2001 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாநகரில் 6 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் சனம். சிங்கள மக்கள் சுமார் 41 வீதம், முஸ்லிம்கள் சுமார் 24 வீதம், இலங்கைத் தமிழர் சுமார் 29 வீதம். 2012இல் மாநகரின் சனத்தொகை 5 இலட்சத்து 61 ஆயிரமாகக் குறைந்தது. நகருக்குள் வீட்டு வாடகையும் காணி விலையும் கட்டாது; சனம் வத்தளை, கடுவெல, ஹோமாகம என்று வெளியே போகிறது. 2024 கணக்கில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தை முந்திவிட்டது. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியவர்களில் பலர் வெளிநாடு போனார்கள். எங்கள் ஆட்கள் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புறக்கோட்டைப் பக்கம் அறைகளில் நெருங்கிப் படுக்கிறார்கள்.

சரி, அதே 2001 கணக்கில் கொழும்பு மாநகரில் "இந்தியத் தமிழர்" எத்தனை வீதம் தெரியுமா? சுமார் 2 வீதம். இதை நாங்கள் நம்பவில்லை. மலையகம் என்று சொன்னால் வீடு கிடைக்காது, கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று பிள்ளைகள் பேசாமல் "இலங்கைத் தமிழர்" என்று சொல்லிவிடுகிறார்கள். இன்னும் சிலரை யாரும் கேட்பதே இல்லை, கடை மாடியில் படுப்பவரைத் தேடி எவர் ஏறி வருவார்? நாடு முழுவதும் 2012இல் 4 வீதத்துக்குச் சற்று மேல் இருந்த நாங்கள், 2024இல் 2.8 வீதமாம். கப்பலில் ஏற்றி அனுப்பிய சிறிமா–சாஸ்திரி காலம் முடிந்து எவ்வளவோ வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் போனவர்கள் எங்கே போனார்கள்? வெளிநாடு போனவர்கள் உண்டு. பெரும்பகுதி காகிதத்தில்தான் காணாமல் போயிருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

காகிதம்தானே என்று விட முடியாது. மாவட்டத்துக்கு எத்தனை பாராளுமன்ற ஆசனம் என்பதை வாக்காளர் இடாப்பை வைத்துத்தான் பங்கிடுகிறார்கள். 2020இல் கொழும்புக்கு 19, கம்பஹாவுக்கு 18. 2024இல் அது அப்படியே மாறிப்போனது. நுவரெலியாவுக்கு 8. தோட்டத்து இடாப்பில் பெயர் வெட்டுப்பட்டு, கொழும்பில் விலாசம் இல்லாததால் அங்கேயும் பதியப்படாத பிள்ளை, எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. 1948இல் ஒரு சட்டம் போட்டு எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 2003 வரை அதற்காக அலைந்தோம். கிடைத்ததைப் படிவம் நிரப்பாமல் விடலாமா?

வேலையிடத்திலும் இதே கதைதான். தோட்டத்தில் செக்ரோலில் பேர் விழாவிட்டால் ஆபீசுக்கு முன்னால் நின்று கேட்கிறோம். கொழும்புக் கடையில் கேட்க ஆள் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். சாப்பாடும் படுக்கையும் தருகிறோம் என்று சொல்லி இதை விழுங்க முடியாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கோ சேமலாப நிதிச் சட்டம்கூடத் துணைக்கு வராது. அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். தரகர் லயத்துக்கு வந்தால் பிள்ளையின் வயதைக் கேட்க வேண்டியவர் தலைவிதான்.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒரு கொப்பி போடுங்கள். லயம் லயமாக, கொழும்பில் யார், எந்தத் தெரு, என்ன வேலை, சேமலாப நிதி இலக்கம் உண்டா, வாக்கு எங்கே பதிந்திருக்கிறது என்று எழுதுங்கள். தாய்மாரிடம் கேட்டால் போதும், அவர்களுக்கு எல்லாம் தெரியும். வாக்குப் பதிவு விபரத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் சரிபாருங்கள். அடுத்த சந்தாக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியும் கையில் வரட்டும்.