குழாயை எடுத்த பிறகும் கவனம் தேவை

(எமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டி வெள்ளவத்தையில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிகழ்வில் சிறுநீரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் அக்கா சற்றுத் தயங்கினார். அந்தத் தயக்கம் எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. இடைவேளையில் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு, வீடு போகும் வரை அடக்கி வைத்த பிள்ளைகள்தானே நாங்கள்! அதற்காகவே தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் திருப்பிக் கொண்டு போனவர்களும் உண்டு. இந்த வெட்கம் வயதோடு போய்விடுவதில்லை. என் அம்மாவே சாட்சி. அவரும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவி. அவருடைய சம்மதத்துடன்தான் இதைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கும் அம்மாவுக்கு வயது 74. நீரிழிவும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் இருந்த கல்லை லேசரால் உடைத்தபின், உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அது இரு முனையும் சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய். வீக்கம் வற்றும் வரை சிறுநீர் தடையின்றி இறங்க வழிவிடும். இந்த வடிவத்தை அமெரிக்க வைத்தியர் ரோய் பின்னி 1978 இல் விவரித்தார். இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

சில வாரங்களின் பின் ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்தார்கள். சில நிமிட வேலை. நான் தொலைபேசியில், "எடுத்தாச்சா அம்மா? நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. சனி இரவு அம்மாவுக்கு நடுக்கத்துடன் காய்ச்சல். இரண்டு பனடோல் போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். டெங்குவாக இருந்தால் மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

ஞாயிறு காலை நான் போனபோது அம்மாவின் பேச்சில் தடுமாற்றம். இரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. சிறுநீரில் தொடங்கிய கிருமித்தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது. ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்து பிழைத்து வந்தார். "ஏன் அம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சலம் எரியுது எண்டு போனிலை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? உன்ரை மனிசன் பக்கத்திலை நிண்டிருப்பார்" என்றார்.

குழாயை எடுத்த பிறகு ஏன் தொற்று? உள்ளே இருக்கும் நாட்களில் குழாயின் மேல் கிருமிகள் பாசிபோலப் படியும். எடுக்கும்போது அவை கலங்கிச் சிறுநீரில் சேரும். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்துவதாலும் கிருமி உள்ளே போகலாம். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவர்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்கள், குழாயை நீண்ட நாள் வைத்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெண்களுக்கு ஆபத்து சற்று அதிகம்.

எடுப்பதற்கு முன்பே எரிவோ காய்ச்சலோ இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை தேவையா, அன்டிபயோட்டிக் தேவையா என்று அவர் தீர்மானிப்பார். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசைகளை நீங்களாகப் போடாதீர்கள்.

எடுத்தபின் ஓரிரு நாள் இலேசான எரிவும் சிறுநீரில் சிறிது இரத்தமும் வழமை. இதயம், சிறுநீரக நோய்களுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒழிய, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் 100.4 பாகை பரனைட்டைத் தாண்டிய காய்ச்சல், நடுக்கம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீர் குறைதல், முதியவர்களுக்குப் பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழையுங்கள். "ஸ்டென்ட் எடுத்து இத்தனை நாள்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இதை வாசிக்கும் தோழிகளே, உங்கள் தாய் தந்தையர் பலர் இங்கே தொடர்மாடிகளில் தனியே இருக்கிறார்கள். குழாய் வைத்த திகதியையும் எடுக்க வேண்டிய திகதியையும் நீங்களும் குறித்து வையுங்கள். மாதக்கணக்கில் மறந்துவிட்ட குழாயில் கல் படியும், சிறுநீரகமும் பழுதாகலாம். எடுத்த பிறகு ஒரு வாரம் தினமும் அழையுங்கள். "சுகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சலம் எரியுதா? குளிருதா?" என்றும் கேளுங்கள்.

நான் அன்று கேட்கத் தவறியது அந்த இரண்டு கேள்விகளைத்தான். அம்மா இன்று முன்வரிசையில் இருக்கிறார், கையில் தண்ணீர்ப் போத்தலுடன்.