பழங்காசின் மெய்யும் பொய்யும்

பெங்களூரில் வாழும் நமக்கு நாணய ஆராய்ச்சி தொலைவில் உள்ள கலையன்று. 1891ஆம் ஆண்டில் யஸ்வந்தபுரத்தில் 163 ரோமானிய வெள்ளிக் காசுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1965ஆம் ஆண்டில் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மேலும் 256 காசுகள் கிடைத்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த கடல் வாணிகத்தின் சான்றுகள் அவை.

அத்தகைய புதையல் நம் வீடுகளில் இராது. ஆயினும் பாட்டியார் பெட்டியில் விக்டோரியா ரூபாய் ஒன்றோ, பூசையறையில் செப்புக் காசு நான்கோ பல குடும்பங்களில் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்தபோது மடியில் முடிந்து கொணர்ந்தவை அவை. அவற்றை விற்க நேர்ந்தாலும், புதிதாக ஒன்றை வாங்க விரும்பினாலும், காசு இயல்பாக இருக்கிறதா, துலக்கப்பட்டதா, திருத்தப்பட்டதா என்று அறிதல் வேண்டும்.

முதலில் துலக்குதலைக் காண்போம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி மெல்ல மெல்லக் கறுக்கிறது, செம்பு பழுப்பேறுகிறது. இது அழுக்கன்று, காசின் வயது அதன் மேனியில் எழுதிய எழுத்து. நாமோ குத்துவிளக்கைத் துலக்கும் அதே புளியையும் சாம்பலையும் காசுக்கும் இடுகிறோம். புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கிறது, சாம்பல் கீறுகிறது. போன மேனி மீண்டும் வாராது.

துலக்கிய காசை எவ்வாறு அறிவது? உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியுமாயின் அது தேய்க்கப்பட்ட காசு. சமதளம் பளபளக்க, எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தாலும் ஐயுற வேண்டும். தலையும் எழுத்தும் தேய்ந்து மழுங்கிய காசு புதுக்காசு போல மின்னுமாயின் அதுவும் முரண்பாடே. புழங்காத காசை விளக்கொளியில் சாய்த்தால், ஒளி சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழன்று வரும். மெருகிட்ட காசில் ஒளி அசையாது நிற்கும். பழஞ்செம்பு இளஞ்சிவப்பாகத் தோன்றினால் அமிலம் பட்டதென்று கொள்ளலாம்.

இனி, திருத்தப்பட்ட காசுகள். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், மன்னரின் அங்கியில் பொறித்த சிறு யானை பன்றியைப் போலத் தோன்றுகிறதென்று எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் பெரும்பாலான காசுகளை உருக்கிவிட்டு, 1912 முதல் யானையைத் திருத்தி வெளியிட்டது. ஆகையால் 1911 ரூபாய் அரிதாயிற்று. ஒருவன் 1912இன் கடைசி எண்ணைச் சுரண்டி ஒன்றாக்கலாம். யானையை அவன் மாற்ற முடியுமா? ஆண்டு 1911 என்றும், யானை நீண்ட துதிக்கையோடும் இருந்தால், அந்த யானையே சாட்சி சொல்லிவிடும்.

காசுமாலையிலிருந்து பிரித்த காசுகளும் கைமாறுவதுண்டு. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வளையம் பற்றவைத்த இடத்தில் மேடு இருக்கும். விளிம்பின் வரிகள் அங்கு அறுபட்டிருக்கும். துளையை அடைத்திருந்தால் நிறம் மாறிய வட்டம் தெரியும். அடுத்து, தராசில் இடுக. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு சிறிது குறையலாம். மிகக் குறைந்தாலும் மிகுந்தாலும் விலகி நிற்பதே நலம். விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் நுண்குழிகளும் வார்ப்புப் போலியின் அடையாளங்கள்.

ஒன்றை நினைவிற் கொள்க. எண்ணைத் திருத்தியவன் அந்த வடுவை மறைக்கவே காசு முழுவதையும் மெருகிடுவான். ஆகவே பளபளப்பைக் கண்டு மகிழாமல், இது எதை மறைக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை. நாமே நம் காசைத் துலக்கினாலோ, மெய்யான காசுக்கும் பொய்க்காசின் தோற்றத்தை அளித்தவராகிறோம்.

ஆனால் எல்லா வடுவும் குற்றமன்று. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே பண்டைக் காலத்திலேயே வெட்டு விழுந்திருக்கிறது. நாணயமாகச் செல்லாதபடி செய்த வெட்டு அது என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வடுவை யாரேனும் அடைத்து மெருகிட்டிருந்தால், பண்டைத் தமிழகத்தின் பொருளியல் பற்றிய ஒரு சான்று அழிந்திருக்கும்.

ஆதலின், காசை விளிம்பில் பிடியுங்கள். ஈரமில்லாத காகித உறையில் இடுங்கள். பூசைக்கு வேண்டுமாயின், பழங்காசுக்குப் பதில் இன்றைய காசைத் துலக்கி வையுங்கள். கறுத்த காசைக் கறுத்தபடியே பேரப்பிள்ளைகளின் கையில் சேர்ப்பியுங்கள். அது தன் வரலாற்றைத் தானே சொல்லும்.