நுளம்பு மருந்துக்குப் பழகியதா?

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூர்ப்பு என்னும் பொருள் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டபொழுது நான் சற்றுத் தயங்கினேன். பள்ளிக்கூடத்திலே இதனைப் படித்தவர்கள் பரீட்சையோடு மறந்துவிடுகிறார்கள். படியாதவர்களோ, "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொல்லுகிற கதைதானே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆகவே, குரங்கையும் மனிதனையும் இன்றைக்கு விட்டுவிடுவோம். இந்த மண்டபத்திலே, அழையா விருந்தாளியாக வந்து நம்மோடு கூட இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு பிராணியை எடுத்துக்கொள்வோம். நான் சொல்வது நுளம்பை.

சில நாட்களுக்கு முன் என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன், "சேர், முந்தி அடிச்ச மருந்துக்கு நுளம்பு இப்ப பழகிப் போச்சுதாம். அதெப்பிடிச் சேர் பழகும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "பழகிப் போயிற்று" என்றுதான் நாம் எல்லோரும் சொல்லுகிறோம். அந்தச் சொல்லிலேதான் பிழை இருக்கிறது. அதனைத் திருத்திக்கொண்டால் இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையின் கரு நமக்கு விளங்கிவிடும்.

முதலில் நடந்ததைச் சொல்லுகிறேன். 1934ஆம் ஆண்டிலே இலங்கையில் மழை பொய்த்தது. என்றும் நீரோடும் ஆறுகள் வற்றி, படுக்கையிலே குட்டை குட்டையாகத் தேங்கின. அத்தகைய குட்டைகளிலே பெருகுவது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. அது பரப்பிய மலேரியாக் காய்ச்சல் 1934, 1935ஆம் ஆண்டுகளிலே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்னர் உலக யுத்தம் முடியுந் தறுவாயில் டீ.டீ.ரீ. என்னும் மருந்து வந்தது. 1946ஆம் ஆண்டு தொடக்கம் நாடெங்கும் வீட்டுச் சுவர்களுக்கு அம்மருந்தைத் தெளித்தார்கள். முதுகிலே தாங்கியைச் சுமந்துகொண்டு சுகாதாரப் பகுதியார் வந்ததும், சட்டி பானைகளை முற்றத்திற்கு எடுத்துச் சென்றதும், சுவரிலே வெள்ளை படர்ந்து கிடந்ததும் இங்குள்ள முதியவர்கள் சிலருக்கு இன்றும் நினைவிருக்கும்.

பலன் பெரிது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் மலேரியா நோயாளராகக் கணக்கிடப்பட்டோர் 17 பேர் மாத்திரமே. நோய் ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பதை நிறுத்தினோம். காவலும் தளர்ந்தது. 1967ஆம் ஆண்டின் பின் நோய் மீண்டும் தலைதூக்கி, 1969ஆம் ஆண்டிலே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. இதற்கு முதற் காரணம் நமது அசட்டையே. நுளம்பின் மேல் பழி போடுதல் முறையன்று. ஆயின் மறுபடியும் மருந்தைக் கையில் எடுத்தபொழுதுதான் இரண்டாவது தொல்லை வெளிப்பட்டது. அதே 1969ஆம் ஆண்டிலே, டீ.டீ.ரீ. பட்டும் சாகாத குலிசிபேசிஸ் நுளம்புகள் இங்கே கண்டறியப்பட்டன. 1977ஆம் ஆண்டளவில் அம்மருந்தை முற்றாகக் கைவிட்டு மலத்தியன் என்னும் வேறொரு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அதனையும் தாங்கும் நுளம்புகள் தோன்றின.

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்ட கணக்கு. ஓர் ஊரிலே 1,000 நுளம்புகள் இருக்கின்றன. அவற்றுள் 10 நுளம்புகள் பிறவியிலேயே மருந்தைத் தாங்கக்கூடியவை. அவற்றின் உடம்பிலுள்ள ஒரு நொதியம் நஞ்சைச் சிதைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வருமுன் இந்தப் பத்துக்கும் மற்றவைக்கும் வித்தியாசம் தெரியாது. மருந்து தெளிக்கிறோம். சாதாரண நுளம்புகள் 990இல் பத்திலொரு பங்கு, அதாவது 99, தப்பிவிடுகின்றன. தாங்கும் நுளம்புகள் பத்தும் பிழைத்துக்கொள்ளுகின்றன. முன்பு நூற்றுக்கு ஒன்றாய் இருந்தவை இப்பொழுது பதினொன்றுக்கு ஒன்றாயின. எஞ்சியவை முட்டையிட்டு மீண்டும் ஆயிரமாகப் பெருகுகின்றன. பிள்ளைகள் பெற்றோரைப் போலிருந்தால், அந்த ஆயிரத்திலே 92 வரையில் தாங்குபவை. இரண்டாம் முறை தெளித்தபின் எஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி தாங்குபவை. மூன்றாம் முறை தெளித்தபின் பதினொன்றுக்குப் பத்து தாங்குபவை. அதன்பின் மருந்து வெறும் சுவர்ப் பூச்சுத்தான்.

இக்கணக்கிலே எந்த நுளம்பு மருந்துக்குப் பழகியது? ஒன்றும் பழகவில்லை. தாங்க முடியாதவை செத்தன. தாங்க முடிந்தவை முன்னரே தாங்க முடிந்தவையாய் இருந்தன. தனி நுளம்பு மாறவில்லை; நுளம்புக் கூட்டம் மாறியது. மா அரிக்கிற பெண் ஒவ்வொரு குறுநலையும் மாவாக்குவதில்லை. அரிதட்டு, நுண்ணியதைக் கீழே விட்டுக் குறுநலை மேலே நிறுத்திவிடுகிறது. அவ்வளவே. டீ.டீ.ரீ. அத்தகைய அரிதட்டாயிற்று.

இந்த உண்மைக்கு மூன்று காரணிகள் போதும். ஓர் இனத்தின் உயிர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. அவ்வேறுபாடுகளிற் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லுகின்றன. பிறக்கும் எல்லாமே பிழைத்துச் சந்ததி விடுவதில்லை. இம்மூன்றும் சேருமிடத்தில், சூழலுக்கு ஏற்ற வேறுபாடு பெருகியே தீரும். புதிய வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்றால், பரம்பரை அலகுகளிலே தற்செயலாய் நிகழும் விகாரங்களிலிருந்து. விகாரம் தேவையை அறிந்து வருவதில்லை. வந்ததைத் தெரிந்தெடுப்பது சூழல்.

இதனை உலகுக்கு எடுத்துரைத்தோர் இருவர். சாள்ஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை கப்பற் பயணம் செய்து, பின் இருபது ஆண்டுகள் வரையில் இக்கருத்தை மனத்திலே வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1858ஆம் ஆண்டிலே, மலாயத் தீவுக் கூட்டத்திலிருந்து அல்பிரட் ரசல் வலஸ் என்பவர் அதே கருத்தை எழுதி அவருக்கு அனுப்பினார். முறைக்காய்ச்சலிற் படுத்திருந்த வேளையிலே அந்த எண்ணம் தமக்குத் தோன்றியதாக வலஸ் பின்னாளிற் சொல்லியிருக்கிறார். அக்காய்ச்சல் மலேரியா என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அந்நோயை நுளம்பு பரப்புகிறது என்பது அவருக்குத் தெரியாது; நுளம்பின் உடலிலே மலேரியாக் கிருமியை றொனால்ட் றொஸ் கண்டது 1897ஆம் ஆண்டிலேதான். இருவருடைய கட்டுரைகளும் 1858 யூலை 1ஆந் திகதி இலண்டனிலே ஒருங்கே வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினுடைய நூல் வெளிவந்தது.

"வலியது வாழும்" என்று இக்கொள்கையைச் சுருக்கிச் சொல்வாருண்டு. அது பெரும் பிழை. பிழைத்த நுளம்பு வலியதும் அன்று, பெரியதும் அன்று. மருந்து தெளித்த சுவரிலே இருப்பதற்குத் தகுந்தது, அவ்வளவே. மருந்தில்லாத ஊரிலே அதே குணத்தால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே எளியவனை நசுக்குவதற்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர் இயற்கையை அறியாதவர். இயற்கையில் நடப்பது வேறு. மனிதன் செய்யத்தக்கது வேறு.

"எல்லாம் சரி, நுளம்பு நுளம்பாகத்தானே இருக்கிறது? புதிய இனம் எப்படி வரும்?" என்று பெரியோர் கேட்கலாம். அதற்குப் பிரிவும் நெடுங்காலமும் வேண்டும். ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, தம்முட் கலவாமல், வேறு வேறு சூழலிலே வாழ்ந்தால், ஒவ்வொன்றிலும் வேறு வேறு குணங்கள் தெரிந்தெடுக்கப்படும். ஈற்றிலே அவை மீண்டும் சந்தித்தாலும் சேர்ந்து இனம் பெருக்க மாட்டா. நமது நாட்டின் மலைக் காடுகளிலே, பற்றைகளிலும் மரங்களிலும் வாழும் சிறு தவளைகள் இருக்கின்றன. அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேத்தை வருவதில்லை; நேரே தவளைக் குஞ்சே வெளிவரும். அவற்றின் மூதாதைகள் இந்தியாவிலிருந்து தரைவழியாக இங்கு வந்தவை. கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மலைக்கு மலை பிரிந்து வாழ்ந்து, இன்று எழுபதுக்கு மேற்பட்ட இனங்களாக விரிந்துள்ளன. நுளம்பிலே சில பத்தாண்டுகளில் நாம் கண்டது முதற்படி. தவளையிலே காண்பது அப்படிகள் பல சேர்ந்த மலையேற்றம்.

இளைஞர்களே, இதனை அறிவதால் நமக்கு என்ன பயன்? பயன் உண்டு. ஒரே மருந்தை ஓயாது தெளித்தால் நாமே அரிதட்டைக் கையில் பிடித்தவர்களாகிறோம். இதனை உணர்ந்த சுகாதாரப் பகுதியார் பிற்காலத்திலே மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள், வலைகள் கொடுத்தார்கள், இரத்தத்தைச் சோதித்து நோயாளரைத் தேடிப்பிடித்துக் குணப்படுத்தினார்கள். யுத்தத்தின் நடுவிலும் அவ்வேலை நின்றுவிடவில்லை. உள்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதாரத் தாபனம் சான்றளித்தது.

ஆயினும் 1963ஐ மறக்கக் கூடாது. 2016 டிசெம்பரிலேயே, அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் வேறொரு மலேரியா நுளம்பு மன்னாரிலே முதன்முதலாகக் காணப்பட்டது. அது ஆற்றுக் குட்டையைத் தேடுவதில்லை. நம் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். கிணற்றுக்கு வலை போடுவதும், தொட்டியை மூடுவதும் எந்த நுளம்பாலும் தாங்கிக்கொள்ள முடியாத மருந்து. அவ்வேலையை இம்மன்றத்து இளைஞர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் எடுத்துச் செய்யலாம்.

இன்னொன்று. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளிலும் இதே கதைதான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டிலே நோபெற் பரிசு பெற்றபொழுது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் அதனைத் தாங்கும் கிருமிகள் உண்டாகும் என எச்சரித்தார். சாதாரணத் தடிமலுக்கு மருந்துக்கடையில் நாமாக வாங்கி விழுங்கும் குளிசையும், அயல்வீட்டில் மிஞ்சியதை வாங்கிப் போடும் குளிசையும் கிருமிகளுக்கு நாம் பிடிக்கும் அரிதட்டு. வைத்தியர் சொன்னாலன்றி எடாதீர்கள். எடுத்தால் அவர் சொன்னபடி எடுங்கள்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். "தம்பி, நுளம்பு பழகவில்லை. அதனைத் தெரிந்தெடுத்தது நாங்கள். பழக வேண்டியதும் நாங்கள்தான்."