நெஞ்சின் படபடப்பும் அதற்கு இடப்பட்ட பெயர்களும்



நெஞ்சு என்னும் சொல் தமிழ்க் கவிஞர்க்கு மிகவும் அணுக்கமான சொல். அது மார்பையும் குறிக்கும். நினைந்து, வருந்தி, துணிகின்ற உள்ளத்தையும் குறிக்கும். திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்', 'நெஞ்சொடு புலத்தல்' என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அவற்றில் நெஞ்சு, கூடவே இருந்து கேட்கும் ஒரு துணையாக நிற்கிறது. உடம்பின் இடத்துக்கும் உள்ளத்துக்கும் ஒரே பெயரிட்ட மொழியைச் சேர்ந்தவர்களுக்கு, அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்ற மருத்துவ உலகம் பட்ட தடுமாற்றம் எண்ணிப் பார்க்கத் தக்கது. கவலையாலும் அச்சத்தாலும் இதயம் கட்டுக்கடங்காமல் விரைந்து துடிக்கும் நிலையும், அதற்குக் காலந்தோறும் இடப்பட்ட பெயர்களுமே இவ்வுரையின் பொருள்.

உள்ளத்து நிகழ்வு உடம்பில் வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்றது தொல்காப்பியம். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது அதன் வரையறை. இந்நான்கும் அஞ்சுபவனுக்குப் புறத்தே நிற்பவை. புலியைக் கண்டவன் நெஞ்சு துடிப்பதில் வியப்பில்லை. புலி இல்லாத இடத்தில், பகைவன் இல்லாத கூடாரத்தில், நள்ளிரவின் உறக்கத்தில் அதே துடிப்பு எழுமானால் அதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? இந்த வினாவை மருத்துவர் முன் பெரிய அளவில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு போர்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. பிலடெல்பியா நகரின் டர்னர்ஸ் லேன் படை மருத்துவமனையில் ஜேக்கப் மெண்டஸ் டகோஸ்டா என்னும் மருத்துவர் பணிபுரிந்தார். அவரிடம் வந்த வீரர் பலருக்கு உடம்பில் காயம் இல்லை. பாசறையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு தேறியவர்கள் மீண்டும் அணியில் சேர்ந்தபோது, தோழர்களுக்கு இணையாக நடக்க இயலாமற்போயினர். மூச்சு வாங்கியது, மார்பு வலித்தது, தலை சுற்றியது, இதயம் அடித்துக்கொண்டது. சிலரை அந்தத் துடிப்பே உறக்கத்திலிருந்து எழுப்பியது. படுத்தால் குறையும் நாடித்துடிப்பு, எழுந்து நின்றால் மிகுதியாக ஏறியது. ஆனால் மார்பில் செவிவைத்துக் கேட்டால் இதயத்தின் அமைப்பில் பழுது புலப்படவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, 1871இல் டகோஸ்டா வெளியிட்ட கட்டுரை இந்நிலைக்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் சூட்டியது.

அக்கட்டுரையின் பெருமை, வீரர்கள் சொன்னதை நோயாக ஏற்றுக்கொண்டதில் இருக்கிறது. போர்க்களத்தில் நிற்க இயலாதவனுக்கு உலகம் வழக்கமாக வைத்திருக்கும் பெயர் கோழை என்பதே. காயத்தைக் காட்ட முடியாதவனின் துன்பத்துக்குச் சான்று அவன் சொல் ஒன்றுதான். அச்சொல்லை ஏற்றால் அவனுக்கு ஓய்வும் மருந்தும் கிடைக்கும்; மறுத்தால் பழியே மிஞ்சும். எனவே பெயரிடுவது அங்கே ஒரு மனிதனின் வாழ்வைத் தீர்மானிக்கும் செயலாக இருந்தது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, இதே துன்பத்தோடு ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் வீரர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தனர். 'படைவீரனின் இதயம்' என்ற பெயர் பரவியது. அவர்களை ஆராய்ந்த தாமஸ் லூயிஸ், 1918இல் வெளியிட்ட நூலில் 'முயற்சி நோய்க்குறித்தொகுதி' என்ற பெயரை முன்வைத்தார். சிறு முயற்சிக்கும் உடம்பு அளவுமீறி எதிர்வினை காட்டுகிறது என்பது அவர் கருத்து. படிப்படியாகக் கூட்டப்பட்ட உடற்பயிற்சியை அவர் சோதனையாகவும் சிகிச்சையாகவும் பயன்படுத்தினார்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941இல், பால் வுட் என்னும் இதய மருத்துவர் இதே பொருள் பற்றி லண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பிறந்தவர் இவர். இவ்வீரர்களின் துன்பத்துக்கு வேர் இதயத்தில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது என்பது அவர் முடிவு. எழுபது ஆண்டுகள் மார்பில் தேடப்பட்ட காரணம் உள்ளத்துக்கு மாற்றப்பட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் 'திடீர்ப் பீதி நோய்' என்பதைத் தனி நோயாக ஏற்றபோது, அதன் அறிகுறிகளுள் இதயப் படபடப்பும் இடம்பெற்றது.

அச்சம் இதயத்தை எவ்வாறு எட்டுகிறது என்பதையும் அறிவியல் இதற்குள் விளக்கியிருந்தது. இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு திசுமுடிச்சு மின் துடிப்பை எழுப்புகிறது. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் இழுத்துப் பிடிப்பதால்தான் ஓய்வில் அது 70 அளவில் அமைகிறது. அச்சம் எழும்போது கடிவாளம் தளர்கிறது. பரிவு நரம்புகள் முடுக்குகின்றன. சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் குருதியில் கலக்கிறது. போரிடவோ ஓடித் தப்பவோ உடம்பு ஆயத்தமாவதே இது என்பதை 1915இல் வெளிவந்த தம் நூலில் வால்ட்டர் கேனன் விளக்கினார். கடன்காரர் வருகைக்கும் தேர்வு முடிவுக்கும் உடம்பு இதே ஆயத்தத்தையே செய்கிறது. ஓடுவதற்கு இடமில்லாத அறையில் அமர்ந்திருப்பவனுக்கு அந்த ஆயத்தம் முழுவதும் துன்பமாகவே முடிகிறது.

இதற்கு முன்பே, 1884இல், வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் மற்றொரு வினாவை எழுப்பியிருந்தார். அஞ்சுவதால் உடம்பு நடுங்குகிறதா, உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் அச்சமா? பின்னதே உண்மை என்றார் அவர். முழுமையாக ஏற்கப்படாவிடினும் அக்கருத்தில் ஓர் உண்மை தங்கியிருக்கிறது. காரணமின்றி இதயம் பாய்ந்தால் உள்ளம் காரணத்தைத் தேடிக் கலங்குகிறது. அக்கலக்கம் துடிப்பை மேலும் விரைவாக்குகிறது. பீதி நோயின் சுழல் இவ்வாறே இறுகுகிறது.

இந்த இருவழிப் போக்கை மறந்தால் நேரும் தவறு சிறிதன்று. சிலரது இதயத்தில் பிறவியிலேயே மின்னோட்டத்துக்கு மிகையான ஒரு பாதை அமைந்துவிடுகிறது. துடிப்பு அதில் சுற்றிச்சுற்றி ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரையிலும், சிலபோது அதற்கு மேலும் துடிக்கும். விளக்கின் விசையைத் தட்டியதுபோல் அது திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும். கவலையால் வரும் துடிப்போ பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்லத் தணியும். மின்கோளாறு உடையவர் மருத்துவரை அடையும்போது துடிப்பு அடங்கியிருக்கும். மின்வரைபடமும் பலருக்கு இயல்பாகவே இருக்கும். அப்போது அவருக்குக் கிடைக்கும் சொல், "உங்களுக்கு ஒன்றுமில்லை, வெறும் பதற்றம்" என்பதாகும். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இவ்வகை மின்கோளாறு உறுதிசெய்யப்பட்ட 107 பேரின் பழைய நிலையை ஆராய்ந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் நோய் முதல் பரிசோதனையில் கண்டறியப்படவில்லை. அது பீதி, கவலை, மன அழுத்தம் என்று தள்ளப்படுவது ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக நேர்ந்திருந்தது. கதிரலை வெப்பத்தால் அம்மிகைப் பாதையைப் பொசுக்கி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாக்கும் சிகிச்சை இன்று இருக்கிறது. பெயர் தவறியதால் அச்சிகிச்சை ஆண்டுக்கணக்கில் எட்டாமற்போனவர்கள் அவர்கள்.

ஆகவே படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல்வைத்து நிமிடத் துடிப்பை எண்ணுவதும், அது எவ்வாறு தொடங்கி எவ்வாறு நின்றது என்று குறித்துக்கொள்வதும், கூடுமானால் துடிப்பு நிகழும்போதே மின்வரைபடம் எடுப்பதும் பெரும்பயன் தரும். குருதிச்சோகையும் தைராய்டு மிகைச்சுரப்பும் இதே துடிப்பைத் தரும் என்பதால் அவற்றையும் சோதித்தறிய வேண்டும். படபடப்போடு மயக்கமோ மார்புவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையை அடைய வேண்டும். ஆய்ந்து பார்த்து, கவலையே காரணம் என்று தெளிந்தாலும் அது இகழத்தக்கதன்று. பேச்சுவழிச் சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியும் தேவையான மருந்தும் அதற்கு உண்டு. கவலையால் துடிக்கும் இதயமும் உண்மையாகவே துடிக்கிறது.

இச்செய்தியில் கவிஞர்க்கு உரிய பங்கு ஒன்று உண்டு. எரிச்சலுற்ற இதயம், படைவீரனின் இதயம், முயற்சி நோய், பீதி நோய் என ஒரே துன்பம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு பெயரும் சிலருக்கு வாயிலைத் திறந்தது; சிலருக்கு அடைத்தது. 'வெறும்' என்னும் ஒரு சிறு அடைமொழி ஒருத்தியின் நோயைப் பல்லாண்டு மறைத்துவைக்க வல்லது. அத்தகைய சொற்களின் எடையை அறிந்தவர்கள் கவிஞர்கள். வீட்டில் ஒருவர் மார்பில் கைவைத்து, "நெஞ்சு படபடக்கிறது" என்றால், அவ்வாக்கியத்துக்கு உரை எழுத எவரும் விரைய வேண்டாம். முதலில் அதை முழுமையாகக் கேட்கட்டும். பிறகு அவர் கைப்பற்றி நாடியை எண்ணட்டும். வள்ளுவர் நெஞ்சைத் துணையாக நிறுத்தினார். துணையின் சொல்லுக்குச் செவிகொடுப்பது தமிழருக்குப் புதிதன்று.