சாயப் பெட்டியில் தமிழ் எங்கே?

(கோரிமேட்டில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மொழியுரிமை மேடைக்கும் ஏட்டுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவார் உளர். அது தமிழர்தம் தோலையும் கண்ணையும் காப்பது என்பதற்கு நரைச்சாயம் ஒன்றே போதிய சான்று.

1823-இல் பிரெஞ்சியர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த சிப்மர் மருத்துவமனை இக்கோரிமேட்டில் நிற்கிறது. இத்தகு மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவினர் நன்கறிந்த நோய் இது: தலைக்குச் சாயம் பூசிய ஓரிரு நாளில் நெற்றியும் காதோரமும் சிவந்து அரிக்கும், இமைகள் வீங்கும், நீர் கசியும். கரணியம், கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா-பெனிலீன்டையமின். உடலின் காப்பணுக்கள் அதனைப் பகையெனப் பதிந்துகொள்கின்றன. பல்லாண்டு தீங்கின்றிப் பூசியவர்க்கும் ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம். தோன்றியபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. அப்பொருளை ஒரு விழுக்காடு கலந்த களிம்பை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து மருத்துவர் உறுதி செய்வர்.

துணிச்சாயமும் இத்தகையதே. பாலியெசுட்டர், நைலான் இழைகளில் ஏற்றும் சாயங்களுட் சில இறுகப் பிணையாமல் வியர்வையில் கசிந்து, அக்குளிலும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் தடிப்பை எழுப்பும். நரைச்சாயம் ஒவ்வாதாருள் சிலர்க்கு இவையும் ஒவ்வா.

சாயத்தொழில் புதுவைக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் அவுரி நீலமேற்றிய புதுவைத் துணி செனகல் வரை கடல் கடந்தது. அவுரியாலும் மருதோன்றியாலும் ஒவ்வாமை நேர்வது அரிது. இன்றோ 'கறுப்பு மருதோன்றி' என்னும் பெயரில் அதே பாரா-பெனிலீன்டையமினைக் கலந்து விற்பாரும் உளர். பெயரோ தமிழ், உள்ளிருப்பதோ வேதிப்பொருள்!

சட்டம் உறங்கவில்லை. 'தோல் உறுத்தல் நேரலாம். முதலில் சிறிது பூசி ஆய்க. இமைக்கும் புருவத்துக்கும் பூசின் பார்வை போகலாம்' என்னும் பொருள்பட, ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும், உள்ளுறை வெளியுறை இரண்டிலும் எச்சரிக்கை வேண்டுமென 1945-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப்பொருள் விதிகள் கட்டளையிட்டன. 2020-ஆம் ஆண்டின் ஒப்பனைப்பொருள் விதிகளும் அதனைத் தொடர்கின்றன. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் வட்டார மொழி தமிழன்றி வேறு யாது?

ஆங்கிலம் அறியாத உழவர்க்கும் நெசவாளர்க்கும், எறும்பு வரிசை போன்ற ஆங்கில எழுத்து எச்சரிக்கை ஆகுமா? தமிழில் எழுதாமை மொழிக்கு இழுக்கு மட்டுமன்று, உடலுக்குத் தீங்கு.

ஆதலின், வாங்குவோர் பெட்டியைத் திருப்பிப் பார்க்க. தமிழ் இல்லையேல் வணிகரிடமே திருப்பித் தருக. ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது பூசி, இரண்டு நாள் பொறுத்து, சிவப்போ அரிப்போ தோன்றின் அறவே விடுக.

தமிழ் எழுதாச் சாயப்பெட்டி தமிழர் இல்லம் புகாதொழிக!